பொரிப்புப் பெட்டியும் பொருநைக்கரைக் காற்றும்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர் உரையாற்றியவர்கள் உயர்கல்வியைப் பற்றியும் போட்டித் தேர்வுகளைப் பற்றியும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார்கள். நானோ கோழிமுட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் நகைத்ததைக் கவனித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் ஆசிரியனாக இருந்தவனுக்குப் பின்வரிசை நகைப்பது புதிதன்று.

செயலாளர் அவர்கள் இத்தலைப்பை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. இன்குபேட்டர் என்று நாம் வழங்கும் பொரிப்புப் பெட்டி, கடந்த சில ஆண்டுகளில் நம் தெருக்களில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சிலர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்று விலைக்கு வாங்கினார்கள். சிலர் தெர்மோகோல் பெட்டி, குண்டு பல்பு, சிறு மின்விசிறி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றைக் கொண்டு தாமே செய்துகொண்டார்கள். அவற்றுள் பல இன்று பரணில் கிடக்கின்றன. கடன் மட்டும் பரணில் ஏறவில்லை.

இப்பொருநைக்கரையில் கார், பிசானம் என்று இருபோகம் விளைந்த காலமெல்லாம் நட்டதும் களையெடுத்ததும் அறுத்ததும் நம்மவர்களே. ஆயினும் அந்த நஞ்சை நம்முள் பெரும்பாலோர் பெயரில் இருந்ததில்லை. கோழி நிலம் கேட்பதில்லை, பட்டா கேட்பதில்லை. வீட்டுப் புறவாசலும் ஒரு பஞ்சாரமும் போதும். நம் தாய்மார்களின் கையில் தமக்கெனச் சிறிது காசு புழங்கிற்று என்றால் அது பெரும்பாலும் கோழி விற்ற காசே. அக்காசில் வாங்கிய பாடநூல்களில் படித்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் முட்டையைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் தெருவில் எனக்கு மதினி முறையாகும் ஓர் அம்மையார் பீடி சுற்றிப் பிழைப்பவர். அவர் கடன்பட்டு ஒரு பெட்டி வாங்கி, ஓர் ஐப்பசி மாதத்தில் நாற்பத்தெட்டு முட்டைகள் வைத்தார். பெட்டியுடன் வந்த தாளில், தண்ணீர்த் தட்டு இரண்டும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவரும் ஒரு நாளும் தவறாமல் நிரப்பினார். இருபத்தொன்றாம் நாள் பொரிந்தவை ஒன்பதே. மழைக்கால இடியோசையில் முட்டை கலங்கிவிட்டது என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். இதெல்லாம் நம்மவர்களுக்குச் சரிப்பட்டு வராது என்றார் மூன்றாமவர். அவர் நம்மவரே என்பதுதான் எனக்கு வருத்தம். மதினி என்னிடம் வந்து, "கொழுந்தனாரே, உம்ம புஸ்தகத்துல இதுக்கு ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

பொரியாத முட்டைகளை வேப்பமரத்தடியில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். கூமுட்டைகள் சிலவே. மற்றவற்றில் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சுகள் இருந்தன. இறகு முளைத்து, அலகு முற்றி, உடல் உப்பி, நீரில் ஊறியவை போன்று இறந்து கிடந்தன. இடிக்கு அஞ்சி இறந்த குஞ்சு இவ்வாறு இராது. அவை முட்டைக்குள்ளேயே மூழ்கி இறந்திருந்தன.

இது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

முட்டையோடு கண்ணுக்கு மூடியதாகத் தோன்றினாலும் அதில் ஏழாயிரம் முதல் பதினேழாயிரம் வரை நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே உயிர்வளி உள்ளே செல்கிறது. கரிவளியும் நீராவியும் வெளியேறுகின்றன. உள்ளிருக்கும் நீர் குறையக் குறைய, முட்டையின் பருத்த முனையில் காற்றறை ஒன்று பெரிதாகிக்கொண்டு வருகிறது. கருவளரும் முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இவ்வறையின் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும். பத்தொன்பதாம் நாள், இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் குத்தி, அந்த அறையில் உள்ள காற்றைத்தான் முதன்முதலாக நுரையீரலால் இழுக்கிறது. அதன் பிறகு பல மணி நேரம் கழித்தே ஓட்டைக் கொத்துகிறது. ஆகவே காற்றறை குஞ்சு பிறக்குமுன் தங்கும் திண்ணை போன்றது. பெட்டியில் ஈரம் மிகுந்திருந்தால் முட்டையின் நீர் வெளியேறாது, திண்ணை சிறுத்துவிடும், குஞ்சு மூச்சுக்கு இடமின்றி மாளும். மதினியின் பெட்டியில் நடந்தது இதுவே.

அடுத்த முறை என்ன நடந்தது தெரியுமா? தண்ணீர்தான் குற்றவாளி என்று எண்ணி, ஆனி மாதத்தில் வைத்த முட்டைகளுக்கு அவர் தண்ணீரே வைக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, அது என் பிழை. இம்முறை குஞ்சுகள் ஓட்டைக் கொத்தின; கொத்திய இடத்திலேயே நின்றுவிட்டன. உட்சவ்வு காய்ந்து, பசை தடவிய காகிதம் போல் குஞ்சின் உடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தவற்றை விரலால் பிரித்தெடுத்தோம், சில நொண்டியாயின.

ஒரே பெட்டி, ஒரே கை. மாறியது காற்று. இதை விளங்கிக்கொள்ளாமல் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த இயலாது.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. முப்பது டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். பொரிப்புப் பெட்டியின் வெப்பமாகிய 37.5 டிகிரியில் அதே அளவு காற்று ஏறத்தாழ 45 கிராம் தாங்கும். தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதையே ஈரப்பத விழுக்காடு என்கிறோம். ஆகவே வெளிக்காற்று பெட்டிக்குள் நுழைந்து சூடேறியதும், அதிலுள்ள நீராவி அதே அளவாக இருந்தும், விழுக்காடு சரிந்துவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் வெளியே 26 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரமும் இருப்பதாகக் கொள்வோம். அக்காற்று பெட்டிக்குள் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வைக்காமலே 45 விழுக்காட்டைத் தாண்டிவிடும். முட்டைகள் விடும் ஆவியும் அதனோடு சேரும். இதன்மேல் இரண்டு தட்டு நிறையத் தண்ணீர் வைத்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனி, ஆடி மாதங்களின் நிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே வந்து குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வரும்போது வெறுங்காற்றாகவே வருகிறது. நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் அதன் வறட்சியைக் கேட்கவே வேண்டாம். வெளியே 36 டிகிரியும் 40 விழுக்காடும் இருந்தால், அது பெட்டிக்குள் 37 விழுக்காடாக நிற்கும். அதனினும் வறண்ட பிற்பகல்கள் உண்டு. ஒரே நாளில் பாபநாசத்தில் வைத்த பெட்டிக்கும் வள்ளியூரில் வைத்த பெட்டிக்கும் ஒரே அளவுத் தண்ணீர் பொருந்தாது. எந்த ஊரிலோ அச்சடித்த தாள் நம் ஊர்க் காற்றை அறியாது.

இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியன்று. பீடி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறீர்கள். ஆடிக் காற்றில் சாக்கை இருமுறை நனைக்கிறீர்கள். கார்த்திகையில் நனைப்பதைக் குறைக்கிறீர்கள். இலை நொறுங்கவும் கூடாது, பூசணம் பிடிக்கவும் கூடாது என்பதை விரல்நுனி சொல்லிவிடுகிறது. முட்டைக்கு ஓடு இருப்பதால் விரல் பயன்படாது. விரலுக்குப் பதிலாகத் தராசு வேண்டும்.

என் உரையில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுவே. நல்ல பொரிப்புக்கு, முட்டை முதல் பதினெட்டு நாட்களில் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை இழக்க வேண்டும். 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக்கோழி முட்டை பத்தின் எடை 450 கிராம் எனக் கொண்டால், இழக்க வேண்டியது 54 கிராம். பதினெட்டு நாட்களுக்குப் பகிர்ந்தால் நாள் ஒன்றுக்கு மூன்று கிராம். ஆறாம் நாள் 432, பன்னிரண்டாம் நாள் 414, பதினெட்டாம் நாள் 396 என்று நிற்க வேண்டும். ஆறாம் நாள் 440 இருந்தால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறையுங்கள். 424 இருந்தால் முட்டை காய்கிறது, கூட்டுங்கள். ஒவ்வொரு முட்டையின் தொடக்க எடையையும் ஓட்டின்மேல் பென்சிலால் குறித்துவிடுங்கள்; மையால் எழுத வேண்டாம். ஏழாம் நாள் டார்ச் ஒளியில் பார்த்துக் கருவற்ற முட்டையை நீக்கினால், அதன் தொடக்க எடையைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்குத்தான் இது.

மதினி மூன்றாம் முறை வைத்தபோது இவ்வாறே செய்தார். அவர் மகள் நோட்டில் எடைகளை எழுதி வந்தாள். நாற்பது முட்டைகளில் முப்பத்தொன்று பொரிந்தன. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. விழா முடிந்ததும் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். ஒன்பதாம் நாள் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இக்கணக்கு இன்று யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அவ்வாறு இல்லை. எகிப்து நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மண்செங்கல் சூளைகளில் சாணத்தையும் வைக்கோலையும் எரித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒன்றாகப் பொரிக்கச் செய்தனர். வெப்பமானி இல்லை, முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்தனர். நைல் ஆற்றின் கழிமுகத்தில் பெர்மா என்னும் ஊரார் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தனர். தந்தை மகனுக்கு மட்டும் சொல்லித்தரும் இரகசியமாக அதைக் காத்தனர். ரேயோமூர் என்னும் பிரெஞ்சு அறிவியலார் அவர்களது முறையைக் கேட்டறிந்து, வெப்பமானியைக் கொண்டு தாமே சோதித்து, 1749-இல் நூலாக வெளியிட்டார். கையில் மட்டும் இருந்த அறிவு எழுத்தில் ஏறிய பின்னர் எவரும் அதைக் கற்க முடிந்தது. அறிவைத் தமக்குள்ளேயே பூட்டி வைத்தவர்களைப் பற்றி நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எனினும் பெர்மா ஊர்க்காரரின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; கண்ணிமையால் ஒரு டிகிரி வேறுபாட்டை அறிவது எளிதன்று.

என் ஆச்சியும் அடை வைப்பதில் வல்லவரே. மண்சட்டியில் ஆற்றுமணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடிக்குக் காவலாக ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் வைப்பார். இரும்பினால் பயனில்லை என்று நான் படித்த கர்வத்தில் வாதாடியதுண்டு. ஆனால் சித்திரை மாதத்தில் அந்த மணலின் அடியில் சிறிது நீர் தெளித்துவிட்டே அடை வைப்பார் என்பதையும், கார்த்திகையில் தெளிக்க மாட்டார் என்பதையும் அப்போது நான் கவனிக்கத் தவறிவிட்டேன். இரும்பைப் பற்றி வாதாடிய நேரத்தில் மணலைப் பார்த்திருக்கலாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதல் பதினெட்டு நாட்கள் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு. கடைசி மூன்று நாட்கள் 65 முதல் 70. இது வழிகாட்டும் எண். தீர்ப்புச் சொல்வது தராசு. விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 வரை வைக்கலாம்.

தண்ணீர்த் தட்டின் ஆழம் பயன் தராது. அகலமே பயன் தரும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். பாத்தியை ஏன் கிணறு போல் ஆழமாக வெட்டாமல் முற்றம் போல் அகலமாக வெட்டுகிறார்கள்? நீர் ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதான். ஆகவே மழைக்காலத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். சில நாட்களில் அதுவும் வேண்டாம். ஆடிக் காற்றில் அகன்ற தட்டு வேண்டும். போதாவிட்டால் தட்டில் ஒரு துணித்துண்டின் முனையைத் தோய்த்து மறுமுனையைக் கம்பியில் தொங்கவிடுங்கள். மேற்பரப்பு கூடும். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஈரத்தைக் கூட்டுவதற்காகக் காற்றுத் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். கடைசி நாட்களில்தான் குஞ்சுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் மின்னணு ஈரமானியை நம்பி ஏமாறாதீர்கள். பத்துப் புள்ளி தவறாகக் காட்டும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சோதிப்பதற்கும் உப்பே துணை. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் கருவி 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், அது எப்போதும் ஏறத்தாழ ஏழு குறைத்துச் சொல்கிறது என்று மூடிமேல் எழுதி ஒட்டிவிடுங்கள். மாணவர்கள் விரும்பினால், இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித்துணி சுற்றி, நாமே ஈரமானி செய்யலாம். உலர்ந்த குமிழ் 37.7 காட்டும்போது, ஈரக்குமிழ் 28.5 முதல் 29.5 வரை நின்றால் முதற்கட்டத்திற்குச் சரி. கடைசி மூன்று நாட்களில் 32-ஐ ஒட்டி நிற்க வேண்டும். துணிக்கு மழைநீர் ஊற்றுங்கள். உப்பு நீரானால் துணி கெட்டிப்பட்டு நீர் ஏறாது.

முட்டையை நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும் என்பதும், ஏழு நாட்களுக்கு மேல் சேர்த்துவைத்த முட்டை நன்கு பொரியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி, தட்டை அகலமாக்கி, மூடியை மூடிவிடுங்கள். அதன்பின் திறக்காதிருப்பதுதான் கடினமான கலை. முதல் குஞ்சு வெளிவந்து கத்தியவுடன் தெருவே கூடிவிடும்; பிள்ளைகள் மூடியைத் தூக்குவார்கள். ஒருமுறை தூக்கினால் உள்ளிருக்கும் ஈரமெல்லாம் நொடியில் பறந்துவிடும். அப்போது ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பொரிந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று இரங்க வேண்டாம். வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு அதற்கு இரண்டு நாட்களுக்குக் குறையாமல் உணவாகும். உடல் உலர்ந்து பஞ்சுபோல் ஆன பிறகு ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுங்கள்.

மின்தடையைப் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று, பொருநை கரைபுரண்டது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய பேரிடரில் முட்டையைக் காக்க வழியில்லை. உயிரைக் காப்பதே முதற்கடமை. ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் தடைக்குக் கலங்க வேண்டாம். அடைக்கோழியும் நாள்தோறும் இரை தேட எழுந்து போகத்தான் செய்கிறது. பெட்டியைச் சாக்கால் போர்த்துங்கள். தடை நீளுமானால் தண்ணீர்த் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். பெட்டி குளிரும்போது உள்ளிருக்கும் ஆவி முட்டையின்மேல் வியர்வையாகப் படியும். அவ்வியர்வையின் வழியே கிருமி துளைகளுக்குள் புகும்.

எல்லாம் சரியாக இருந்தும் குஞ்சுகள் மாளுமானால் காரணம் ஈரம் அன்றி நோயாக இருக்கலாம். சேவலின் குறையாகவும் இருக்கலாம். அப்போது இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகத் தயங்காதீர்கள். அது அரசுப் பணத்தில், அதாவது நம் பணத்திலும், நடக்கும் கல்லூரி. எடை எழுதிய நோட்டை எடுத்துச் செல்லுங்கள். நோட்டோடு வருபவரின் கேள்விக்கு மருத்துவர் விடை சொல்வது எளிது.

அடுத்த மாதம் ஐப்பசி பிறக்கிறது. மழைக்காலப் பொரிப்புக்கு முட்டை வைக்க எண்ணுவோர், பரணில் கிடக்கும் பெட்டிகளை இறக்கித் துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு ஒன்றும் சோதித்த ஈரமானி இரண்டும் சங்க நூலகத்தில் வைக்க நிருவாகக் குழு இசைந்திருக்கிறது. கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். பொரியாமற்போன முட்டைகளைக் குப்பையில் எறியாமல் நாள் குறித்து எடுத்து வாருங்கள். ஞாயிறு மாலை வேப்பமரத்தடியில் உடைத்துப் பார்ப்போம். செய்தித்தாள் நான் கொண்டுவருகிறேன். நாற்றத்திற்கு அஞ்சுவோர் காற்று வரும் பக்கம் நில்லுங்கள்.